அத்தியாயம் 6: தெரியாத மண்ணுக்கு எந்த டயர்? – செஞ்சிப் பயணத்துக்கான ஆயத்தம்

ரோடு சைக்கிளில் நெடும்பயணம் கிளம்புகிறவர்கள் சீட், கியர், பை, விளக்கு என்று எல்லாவற்றையும் பலமுறை யோசிப்பார்கள். டயர் மட்டும் வண்டியோடு வந்தது எதுவோ அதுவாகவே இருந்துவிடும். தினமும் போய்வரும் சாலைக்கு அது போதும். எந்தத் திருப்பத்தில் குழி, எந்த மேம்பாலத்தடியில் கண்ணாடித் துண்டு என்று அங்கே நமக்கே தெரியும். கண் பார்த்ததும் கை ஹேண்டில்பாரைத் திருப்பிவிடும். பழகாத வட்டாரத்தில் அந்த அறிவு நம்மிடம் இல்லை. அந்தக் குறையை டயர்தான் ஈடுகட்ட வேண்டும்.

இந்த அத்தியாயத்துக்குச் செஞ்சியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து 70 கிலோமீட்டர் அளவு, விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் 40 கிலோமீட்டருக்குள். வார இறுதியில் போய்வரக்கூடிய தூரம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி. கோட்டையைச் சுற்றிலும் பல்லவர் குடைவரைகளும் சமணச் சிற்பங்களும் பெரிய ஏரிகளும் இருக்கின்றன. கார் சன்னலில் பார்ப்பதைவிடச் சைக்கிளில் பார்க்கவே ஏற்ற நிலம் இது.

டயரைப் பொறுத்தவரை செஞ்சி ஒரு நல்ல பாடம். அதற்குப் போகும் வழியில் பெரும்பகுதி நல்ல தார்ச்சாலை. ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் அந்தச் சாலையை விட்டு விலகியவை. ஆகவே இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றுதான்: வழியில் எந்தச் சாலை அதிகமோ அதைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்; எந்தச் சாலை மிக மோசமோ அதைப் பார்த்து வாங்குங்கள். நல்ல சாலையில் அகலமான டயர் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது சில நிமிடங்கள். கெட்ட சாலையில் ஒல்லியான டயர் பயணத்தையே எடுத்துக்கொண்டுவிடும்.

முதலில் சாலையைப் படியுங்கள்

செஞ்சிப் பயணத்தில் நான்கு வகைச் சாலைகள் வரும். ஒவ்வொன்றும் டயரிடம் வேறு வேறு வேலையைக் கேட்கிறது.

முதல் வகை, சென்னை–திண்டிவனம் நெடுஞ்சாலை. தார் வழவழப்பானது, அகலமும் உண்டு. இங்கே ஆபத்து ஓரத்தில் இருக்கிறது. வேகமாகப் போகும் வண்டிகளுக்கு ஒதுங்கி நாம் ஓரத்தில்தான் ஓட்டுவோம். காற்றும் லாரிகளும் சாலையின் குப்பையை எல்லாம் அந்த ஓரத்துக்கே தள்ளுகின்றன. அதில் நமக்கு முதல் எதிரி, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மெல்லிய எஃகுக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது, டயரைத் துளைத்த பிறகும் உடனே காற்று இறங்காது. பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி வண்டி கனக்கும்போதுதான் தெரியும்.

இரண்டாம் வகை, திண்டிவனத்திலிருந்து தீவனூர் வழியாகச் செஞ்சிக்கும், அங்கிருந்து ஆலம்பூண்டி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலைக்கும் போகும் தேசிய நெடுஞ்சாலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற கோட்டைக் குன்றுகளுக்கு நடுவே கோட்டை மதிலைக் கடந்து போவது இந்தச் சாலைதான். ஆற்காட்டிலிருந்து ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி வழியாக விழுப்புரம் போகும் மாநில நெடுஞ்சாலையையும் இந்த வகையில் சேர்க்கலாம். தார் பொதுவாக நன்றாக இருக்கும். ஆனால் இது கருங்கல் குவாரிகள் உள்ள வட்டாரம். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் திரும்பும் இடங்களில் முனை மழுங்காத கல்துண்டுகள் கிடக்கும். வேகமாக ஏறினால் டயரின் பக்கச்சுவரையே கிழிக்கக்கூடியவை அவை.

மூன்றாம் வகை, ஊராட்சிச் சாலைகள். அரங்கநாதர் குடைவரைக் கோயில் உள்ள சிங்கவரம், பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய திருநாதர்குன்று, தமிழ்ச் சமணரின் மடம் இருக்கும் மேல்சித்தாமூர், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் குடைந்த மண்டகப்பட்டு, பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுத்த பனமலைக் கோயில் – இவற்றுக்கெல்லாம் இப்படிப்பட்ட சாலையில்தான் போய்ச்சேர வேண்டும். ஒரு கிலோமீட்டர் புதுத் தார், அடுத்தது ஜல்லி பெயர்ந்த பழைய தார், ஊருக்குள் சிமெண்ட் தெரு, பெயின்ட் அடிக்காத வேகத்தடை என்று மாறி மாறி வரும். குடிநீர்க் குழாய்க்காகச் சாலையைக் குறுக்கே வெட்டி மண்ணால் மூடிய பள்ளம் இன்னொன்று. டயர் தேர்வில் முடிவைச் சொல்வது இந்த மூன்றாம் வகைதான்.

நான்காம் வகை, தாரே இல்லாதது. ஏரிக்கரை வழி, கிராவல் கொட்டிய வண்டிப்பாதை, குன்றின் அடிவாரத்துக்குப் போகும் கடைசி அரைக் கிலோமீட்டர். கருங்கல் உதிர்ந்து உண்டான பருமணல் இங்கே கிடக்கும். கரை நெடுகச் சீமைக் கருவேலம் நிற்கும். அதன் முள் ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும்; காய்ந்த பிறகு ஆணிக்கு ஈடான உறுதி. எந்த ரோடு சைக்கிள் டயரும் அதை முழுவதும் தடுக்காது. இந்த வழியை ஓட்டிக் கடக்க நினைக்காதீர்கள். வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடங்கள். ரோடு சைக்கிளின் எடை அதற்கு இடம்கொடுக்கும்.

சாலை நிலவரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? கைபேசி வரைபடம் சாலை இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எப்படி இருக்கிறது என்று சொல்லாது. டீக்கடையில் கேட்டால், “ரோடு நல்லாத்தான் இருக்கு, போலாம்” என்பார்கள். அது மோட்டார் சைக்கிளுக்கான பதில். கேள்வியைக் கூர்மையாக்குங்கள். “அண்ணே, மேலச்சேரி ரோட்டுல எங்கயாவது வேலை நடக்குதா? ஜல்லி கொட்டி வச்சிருக்காங்களா? டிப்பர் அந்த வழியா போகுதா?” என்று கேட்டால், எந்தப் பாலத்தருகே சாலை பெயர்ந்திருக்கிறது என்பதுவரை சொல்லிவிடுவார்கள். தினமும் அதே வழியில் போய்வரும் பால்காரரும் தபால்காரரும் இதற்கு மிகச் சரியான ஆட்கள்.

பருவமும் சாலையின் ஒரு பகுதி

சித்திரை, வைகாசி வெயிலில் இந்தப் பாறை நிலத்தில் சைக்கிள் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. ஆகவே பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மார்கழி முதல் மாசி வரை. வெயில் இதமாக இருக்கும், ஏரிகள் நிறைந்திருக்கும். ஆனால் உடலுக்கு நல்ல பருவம் சாலைக்கு மிகக் கெட்ட பருவம். மழை அரித்த ஓரங்கள், பெயர்ந்த ஜல்லி, தரைப்பாலங்களில் படிந்த வண்டல் எல்லாம் அப்போதுதான் சரிசெய்யப்படாமல் கிடக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, செஞ்சிக்குக் கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படி ஒரு மழைக்குப் பின் வரும் மாதங்களில், போன ஆண்டு ஓட்டியவர் சொன்ன சாலை நிலவரத்தை நம்பிப் போகக் கூடாது.

மழை நின்றதும் சாலையோரப் புல்லில் நெருஞ்சி படர்ந்து, சில வாரங்களில் முள் காய்க்கும். தை, மாசியில் அறுவடை தொடங்கும். நெல்லையும் உளுந்துச் செடியையும் மல்லாட்டையையும் தார்ச்சாலையிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். வண்டிகள் ஏறாமலிருக்க ஓரத்தில் கற்களை அடுக்குவார்கள். பரப்பிய தானியத்தின் மேல் ஒல்லி டயர் வழுக்கும். அது ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பும்கூட. இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போங்கள்.

இன்னொரு நாளையும் கணக்கில் வையுங்கள். அமாவாசை தோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் பெருகும். செஞ்சியிலிருந்து வளத்தி வழியாகப் போகும் சாலையில் அன்றிரவு வாகனங்கள் நெருக்கியடிக்கும். அன்றும் மறுநாள் காலையும் அந்தப் பக்கம் போக வேண்டாம். பயணத் தேதியைக் குறிக்கும் முன் காலண்டரில் அமாவாசையைப் பார்த்துவிடுங்கள்.

அகலம்: எவ்வளவு?

ரோடு சைக்கிள் டயரின் பக்கவாட்டில் 700 x 25 அல்லது 25-622 என்று அச்சிட்டிருக்கும். 25 என்பது மில்லிமீட்டரில் அகலம். 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம். 622 மாறக் கூடாது. அகலத்தைத்தான் நாம் தேர்ந்தெடுக்கலாம்.

ஒல்லி டயர்தான் வேகம் என்ற நம்பிக்கை நம்மிடம் இன்னும் ஆழமாக இருக்கிறது. ஒரே காற்றழுத்தத்தில் அகலமான டயர் சாலையில் குறைவாகவே மடங்குகிறது. அதனால் உருளும் தடையும் சற்றுக் குறைகிறது. கரடான சாலையில் நிலைமை இன்னும் தெளிவு. கல்லென இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. முன்னே போக வேண்டிய சக்தி அதிர்வாக உடம்பிலேயே வீணாகிறது. மாலையில் மணிக்கட்டும் கழுத்தும் வலிப்பது அதனால்தான்.

காற்றின் கொள்ளளவு அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 25 மில்லிமீட்டரிலிருந்து 28-க்குப் போனால் கால் பங்கு கூடுதல் காற்று. 32-க்குப் போனால் ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தக் காற்றுதான் குழியில் ரிம்மைக் காப்பாற்றுகிறது. காற்று போதாத டயர் குழியின் விளிம்பில் மோதும்போது, விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே ட்யூப் நசுங்கி, பாம்புக்கடி போல இரண்டு துளைகள் அருகருகே விழும். பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் நிறைந்த ஊராட்சிச் சாலையில் முள்ளுக்கு அடுத்தபடியாக ட்யூப்பைக் கெடுப்பது இதுதான்.

செஞ்சி வட்டாரத்துக்கு என் பரிந்துரை இது:

23 மி.மீ. – வேண்டாம். கோட்டை வாசலோடு திரும்புகிறவருக்குக்கூட இது போதாது.

25 மி.மீ. – நெடுஞ்சாலையிலேயே வந்து, கோட்டையைப் பார்த்து, நெடுஞ்சாலையிலேயே திரும்புவதானால் சமாளிக்கலாம். பை ஏற்றாமல் இருக்க வேண்டும்.

28 மி.மீ. – சிங்கவரம், திருநாதர்குன்று வரை கவனமாகப் போய்வரலாம். பழைய ரோடு சைக்கிள் பலவற்றில் நுழையக்கூடிய மிகப் பெரிய அளவு இதுவே.

32 மி.மீ. – வண்டியில் இடம் இருந்தால் இதையே போடுங்கள். பனமலை, மண்டகப்பட்டு, மேல்சித்தாமூர் எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாளில் சுற்ற இதுவே சரியான அளவு.

35 மி.மீ.-க்கு மேல் – ஏரிக்கரையிலும் வண்டிப்பாதையிலும் ஓட்டியே தீர வேண்டும் என்பவருக்கு. அதற்கு வேறு வகைச் சைக்கிளே பொருத்தம்.

வாங்கும் முன் இடத்தை அளந்து பாருங்கள். கேலிப்பர் பிரேக் உள்ள வண்டிகள் பெரும்பாலும் 25 அல்லது 28-உடன் நின்றுவிடும். டிஸ்க் பிரேக் வண்டிகளில் 32 பொதுவாக நுழையும். டயரைப் பொருத்திக் காற்றடித்த பிறகு, 4 மி.மீ. ஆலன் சாவியை டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவிலும், டயருக்கும் சட்டத்துக்கும் நடுவிலும், பிரேக்கின் அடியிலும் செருகிப் பாருங்கள். எங்கும் உரசாமல் நுழைய வேண்டும். இடைவெளி அதைவிடக் குறைந்தால், ஈரமண்ணில் ஒரு கல் ஒட்டிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். அகலமான ரிம்மில் டயர் அச்சிட்ட அளவைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காற்றழுத்தம்

சரியான டயரைத் தவறான காற்றழுத்தம் கெடுத்துவிடும். டயரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அதன் உச்ச வரம்பு. அந்த அளவுக்கு அடித்தே தீர வேண்டும் என்பதில்லை. நம் எடையும் டயரின் அகலமும் சாலையும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. ஆள், வண்டி, பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், தொடங்குவதற்கு ஏற்ற அளவுகள்:

25 மி.மீ. – முன் 80, பின் 95 பிஎஸ்ஐ
28 மி.மீ. – முன் 65, பின் 78 பிஎஸ்ஐ
32 மி.மீ. – முன் 50, பின் 62 பிஎஸ்ஐ
35 மி.மீ. – முன் 43, பின் 52 பிஎஸ்ஐ

எடையில் ஒவ்வொரு 5 கிலோவுக்கும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பின்சக்கரம்தான் எடையில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அதனால் முன்னும் பின்னும் ஒரே அளவில் அடிக்கக் கூடாது. பையைப் பின்னால் மாட்டினால் பின்சக்கரத்துக்கு மட்டும் கூட்டுங்கள். ஊராட்சிச் சாலையில் திரும்பும்போது ஐந்து பிஎஸ்ஐ இறக்கிவிட்டால் பிடிமானமும் இதமும் கூடும். ஈரச் சாலைக்கும் அதே அளவு.

சில புதிய ரிம்களின் விளிம்பில் டயரைப் பிடிக்கும் கொக்கி இருக்காது. அவற்றில் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐ-க்கு மேல் அடிக்கவே கூடாது. அதற்கென்று அனுமதிக்கப்பட்ட டயரை மட்டுமே போட வேண்டும். உங்கள் ரிம் எந்த வகை என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெயிலில் டயர் வெடிக்குமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விடியலில் 28 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்த டயர், நண்பகலில் 50 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 87 அளவுக்கு ஏறும். நல்ல டயர் அதைத் தாங்கும். உச்ச வரம்பை ஒட்டி அடித்திருந்தால், ட்யூப் பழையதாக இருந்தால், ரிம் டேப் விலகியிருந்தால்தான் சிக்கல். ராஜகிரி ஏறி இறங்க அரை நாள் ஆகும். அதுவரை வண்டியை வெயிலில் விடாமல் நிழலில் பூட்டுங்கள். சூட்டில் ரப்பரும் ஒட்டுப் போட்ட இடமும் தளர்வது குறையும்.

பட்டனும் உறையும்

லாரி டயரையும் மோட்டார் சைக்கிள் டயரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பட்டன் இல்லாத சைக்கிள் டயர் வழுக்கும் என்றே தோன்றும். ஈரத் தாரில் கார் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்குவது, அதன் அகலத்தாலும் வேகத்தாலும். சைக்கிள் டயர் ஒல்லி, வட்ட வடிவம், உள்ளே அழுத்தம் அதிகம். நாம் ஓட்டும் வேகத்தில் அது நீரைப் பிளந்து தாரைத் தொட்டுவிடும். ஆகவே தார்ச்சாலைக்கு மொட்டை டயரே நல்லது. பட்டன் வேலை செய்வது இளகிய மண்ணில் மட்டும். நடு மொட்டையாகவும் ஓரத்தில் மட்டும் சிறு பட்டன்களாகவும் உள்ள 32 மி.மீ. டயர் செஞ்சிக்கு நல்ல சமரசம். ஈரத்தில் உண்மையில் வழுக்குவது வெள்ளைக் கோடும் டிராக்டர் இழுத்துவந்த சேறும்தான். அவற்றில் எந்த டயரும் நம்மைக் காப்பாற்றாது. திரும்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடக்க வேண்டும்.

பட்டனைவிட முக்கியம் டயரின் உள்ளே இருப்பது. போட்டிக்கான டயர்களில் ரப்பர் மெல்லியது, உறை நூலும் மெல்லியது. பந்தயச் சாலையில் பறக்கும். பயண டயர்களில் ரப்பருக்கு அடியில் அராமிட் போன்ற உறுதியான இழையால் ஆன பட்டையோ தடித்த ரப்பர் அடுக்கோ இருக்கும். ஷ்வால்பே மராத்தான் ப்ளஸ் டயரில் அந்த அடுக்கு மட்டுமே 5 மி.மீ. தடிமன். கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் டயரில் பக்கச்சுவரையும் சேர்த்து மூடும் பின்னல் இருக்கிறது. இவை கனமானவை, உருள்வதும் சற்று மந்தம். ஆனால் செஞ்சி வட்டாரம் பெரும்பாலும் சமவெளி. மலை ஏறுவது நம் கால்கள். சைக்கிள் கீழேயே நிற்கும். நூறு இருநூறு கிராம் எடையை இங்கே பொருட்படுத்த வேண்டியதில்லை. வெயிலில் ஒருமுறை ட்யூப் மாற்ற ஆகும் இருபது நிமிடம், எடை குறைத்துப் பெற்ற லாபம் அனைத்தையும் தின்றுவிடும்.

பஞ்சர் தடுப்புப் பட்டை பெரும்பாலும் நடுப்பகுதியை மட்டுமே காக்கும். ஜல்லி நிறைந்த இந்த வட்டாரத்தில் பக்கச்சுவருக்கும் காப்பு உள்ள டயரைக் கேட்டு வாங்குங்கள். கடையில் டயரை மடக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய விரிசல் தெரிந்தால் அது நெடுநாள் கிடந்த சரக்கு. எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

இரண்டு டயரில் ஒன்று மட்டும் புதிதாக வாங்க முடியுமானால் அதை முன்சக்கரத்தில் போடுங்கள். பின்டயர்தான் சீக்கிரம் தேயும், பஞ்சரும் அதில்தான் அதிகம். ஆனால் அது வெடித்தால் வண்டியை நிறுத்திவிடலாம். முன்டயர் வெடித்தால் ஆள் விழுவார். பழைய முன்டயரைப் பின்னுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ட்யூபா, ட்யூப்லெஸ்ஸா?

முள் நிறைந்த நிலத்துக்கு ட்யூப்லெஸ் பொருத்தமானதுதான். உள்ளே ஊற்றும் திரவம் நெருஞ்சி, கம்பி போன்றவற்றின் சிறு துளைகளைத் தானாக அடைத்துவிடும். அழுத்தத்தையும் குறைத்து ஓட்டலாம். முள் குத்தியிருப்பது தெரிந்தால் உடனே பிடுங்காமல், சக்கரத்தைச் சுழற்றித் திரவம் துளைக்குப் போய்ச்சேர விடுங்கள். ஆனால் நம் வெயிலில் அந்தத் திரவம் வேகமாகக் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து நிரப்ப வேண்டும். பக்கச்சுவர் கிழிந்தால் திரவம் உதவாது. கடைசியில் ட்யூப்தான் போட வேண்டும்.

ட்யூப்லெஸ்ஸை ஏற்கெனவே ஓட்டிப் பழகியவர் அதிலேயே போகலாம். பயணத்துக்காகவே புதிதாக மாறுவது சரியல்ல. நம் கையால் சரிசெய்யத் தெரிந்த ஏற்பாடு எதுவோ, தெரியாத ஊருக்கு அதுவே உகந்தது.

செஞ்சியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

செஞ்சியில் சைக்கிள் கடை உண்டு; நன்றாகப் பஞ்சர் ஒட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கடைகள் வாழ்வது ஊர் சைக்கிள்களை நம்பி: கேரியர் வைத்த பெரிய சைக்கிளும், அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிளும். அங்கே தொங்கும் 28 x 1½ டயரைப் பார்த்து, நம் 700 x 28-க்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். அதன் உள்விட்டம் 635 மி.மீ.; நமக்கு வேண்டியது 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் டயர் ரிம்மில் நிற்காது. 29 அங்குல மலைச் சைக்கிளின் டயர் 622 தான், ஆனால் அதன் அகலம் ரோடு சைக்கிளின் சட்டத்தில் நுழையாது.

வால்விலும் அதே சிக்கல். ரோடு சைக்கிள் ரிம்மில் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு ஏற்ற 6.5 மி.மீ. துளை இருக்கும். ஊர் சைக்கிள் ட்யூப்பின் வால்வுக்கு 8.5 மி.மீ. வேண்டும்; நுழையாது. பெட்ரோல் பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் இருக்கும் காற்றுக் குழாயும் பிரெஸ்டாவில் பொருந்தாது. கட்டைவிரல் நகம் அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் எல்லாக் கடைகளும் நமக்கு உதவும். விலை மிகக் குறைவு. மறக்கவே கூடாத பொருள்.

செஞ்சிக்கு ரயில் இல்லை. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை மூன்றில் ஒன்றுக்குத்தான் போய்ச்சேர வேண்டும். பேருந்தில் சைக்கிளை ஏற்றிக்கொள்வதை நம்பித் திட்டமிட முடியாது. எனவே பையில் இவை இருக்கட்டும்:

– டயரின் அகலத்துக்குப் பொருந்தும் புதிய ட்யூப் இரண்டு. வால்வின் நீளம் உங்கள் ரிம்மின் உயரத்துக்குப் போதுமா என்று பாருங்கள்.
– பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள். திறந்த சொல்யூஷன் ட்யூப் வெயிலில் காய்ந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிது.
– டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு.
– அழுத்தம் காட்டும் கைப்பம்பு. கார்பன் டை ஆக்சைடு குப்பி வேகமானது, ஆனால் ஒருமுறைதான் உதவும். அந்தக் காற்று விரைவில் இறங்கவும் செய்யும்.
– பழைய டயரிலிருந்து வெட்டிய, விரல் நீளத் துண்டு. பக்கச்சுவர் கிழிந்தால் உள்பக்கம் வைத்து ட்யூப் பிதுங்காமல் காக்கலாம்.
– முள்ளும் கம்பியும் பிடுங்கச் சிறு குறடு.
– பித்தளை அடாப்டர்.
– நான்கைந்து பேராகப் போனால், பொதுவாக மடக்கும் டயர் ஒன்று.

பஞ்சரானால் ட்யூப்பை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. டயரின் உட்புறம் முழுவதையும் துணியால் மெல்லத் தடவுங்கள். முள்ளின் முனையோ கம்பியோ இருந்தால் துணியில் சிக்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் ஐந்தாவது கிலோமீட்டரில் மறுபடி நிற்பீர்கள். பழைய ட்யூப்பில் துளை எங்கே என்று பார்த்து, அதே இடத்துக்கு நேராக டயரில் தேடினால் இன்னும் விரைவு. துளை ட்யூப்பின் உள்வட்டத்தில், ஸ்போக்ஸ் பக்கமாக இருந்தால் குற்றம் முள்ளின் மேல் இல்லை. ரிம் டேப் விலகியிருக்கிறது.

புறப்படும் முன்

புதிய டயரைப் பயணத்தன்று காலையில் பொருத்தாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டு, உங்கள் ஊரில் கிடைக்கும் மிக மோசமான சாலையைத் தேடி, பயணத்துக்கான பையையும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். மேலே சொன்ன அழுத்தத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஐந்து பிஎஸ்ஐ மாற்றி, ரிம் அடிபடாமலும் கை மரத்துப்போகாமலும் ஓடும் அளவைக் கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள். அந்த எண் உங்களுடையது. எந்தப் புத்தகமும் அதைத் தர முடியாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருமுறை பின்சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றிப் பாருங்கள். கெட்டியான பயண டயர் சிலவற்றை ரிம்மிலிருந்து கழற்றக் கை பலம் வேண்டும். அதைப் பனமலை ஏரிக்கரையில் முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

செஞ்சிக்குச் சொன்ன இந்த முறை எந்தப் புதிய ஊருக்கும் பொருந்தும். டயர் வாங்கும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். போகும் வழியில் மிக மோசமான சாலை எது? அந்த மாதத்தில் அந்தச் சாலையில் என்ன கிடக்கும் – முள்ளா, ஜல்லியா, சேறா, தானியமா? என் வண்டியில் எவ்வளவு அகலமான டயர் நுழையும்? டயர் கெட்டால் அந்த ஊர்க் கடையில் எது கிடைக்கும்? முதல் இரண்டு கேள்விகள் என்ன டயர் வேண்டும் என்று சொல்லும். மூன்றாவது, அதில் எதைப் போட முடியும் என்று சொல்லும். நான்காவது, பையில் எதைச் சுமக்க வேண்டும் என்று சொல்லும். மூன்றாம் கேள்வியின் பதில் முதல் இரண்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், வண்டிக்கு மீறிய டயரைத் திணிக்காதீர்கள், வழியை மாற்றுங்கள். 25 மி.மீ.-க்கு மேல் நுழையாத சைக்கிள் உள்ளவர் கோட்டைவரை ஓட்டிவந்து, வண்டியைச் செஞ்சியில் பத்திரமாக விட்டுவிட்டு, சிங்கவரத்துக்கும் மண்டகப்பட்டுக்கும் உள்ளூர்ப் பேருந்திலோ ஆட்டோவிலோ போய்வரலாம். அதுவும் நன்றாகத் திட்டமிட்ட சைக்கிள் பயணம்தான்.